ஸ்ரீபெரும்புதூர் ஷேல்ல இலை அச்சு கிடைச்சுது, 12 கோடி வருஷம்னு எத வெச்சு சொல்றாங்க?

போரூர்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் போரூர்ல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிறேன், படிச்சது கெமிஸ்ட்ரி, ஜியாலஜி எனக்கு அவ்வளவா பழக்கம் இல்ல. எங்க மாமனாரோட நெலம் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி உள்ள தள்ளி இருக்கு, சமீபத்துல அங்க கெணத்த ஆழப்படுத்தினாங்க, அப்ப வெள்ளையும் லேசா ரோஸும் கலந்த கல்லு (ஷேல்னு சொல்ற களிமண் பாறை) தட்டு தட்டா வந்துது, பொளந்து பாத்தா உள்ள இலை அச்சு! நடுவுல ஒரு காம்பு, ரெண்டு பக்கமும் நெருக்கமா குட்டி குட்டி இலை. கீழ போகப் போக கல்லு சாம்பலாகி கடைசில கிட்டத்தட்ட கறுப்பாவே வந்துது, அதுல கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

ரெண்டு துண்ட கிளாஸுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன். இது ஸ்ரீபெரும்புதூர் ஃபார்மேஷன், சுமார் 12 கோடி வருஷம் பழசுன்னு படிச்சத சொன்னேன், உடனே ஒரு பொண்ணு எழுந்து "மிஸ், 12 கோடின்னு யாரு எப்படி கண்டுபிடிச்சாங்க"ன்னு கேட்டா. கார்பன் டேட்டிங்னு சொல்லி முடிச்சிருக்கலாம், ஆனா அது சரியான்னு எனக்கே சந்தேகம், அதனால அடுத்த கிளாஸ்ல சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என் கேள்வி இதுதான். அந்த கறுப்பு கல்லுல இருக்கறது ஆர்கானிக் பொருள்தானே, அதுல கார்பன் இருக்கும்தானே, அத வெச்சு நேரா வயசு பாக்க முடியாதா? இன்னொண்ணு, நெறைய இடத்துல "மைக்ரோஃபாசில் (மைக்ரோஸ்கோப்ல பாக்கற நுண்ணிய ஃபாசில்) வெச்சு வயசு சொன்னாங்க"ன்னு போட்டிருக்கு, சரி அந்த மைக்ரோஃபாசிலுக்கு வயசு எப்படி தெரியும்னு பாத்தா "அது இருந்த பாறைய வெச்சு"ன்னு இருக்கு. சுத்தி சுத்தி அதே எடத்துக்கே வர மாதிரி இருக்கே, இத 9ஆம் கிளாஸ் பசங்களுக்கு நேர்மையா எப்படி சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கிண்டி_ஸ்லைடு

டீச்சர், கார்பன் டேட்டிங்னு சொல்லாம விட்டீங்க பாருங்க, அதுக்கே ஒரு வணக்கம். நான் பாலினாலஜில, அதாவது மகரந்தம் ஸ்போர் பத்தின படிப்புல, ரிசர்ச் பண்றேன், நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாடிதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

மொதல்ல கார்பன். கார்பன் 14ஓட அரை ஆயுள் 5730 வருஷம். 50 ஆயிரம் வருஷம் தாண்டினா அளக்கற அளவுக்கு மிச்சமே இருக்காது. பள்ளிக்கரணை சதுப்புக்கு கீழ இருக்கிற களிமண்ணு மாதிரி எடத்துக்கு அது சரியா வரும், உங்க கெணத்துக் கல்லுக்கு வராது. 12 கோடி வருஷம்னா 20 ஆயிரம் அரை ஆயுளுக்கும் மேல, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்க, போர்டுல ரெண்டால வகுத்துக்கிட்டே போய் காட்டினீங்கன்னா பசங்களே பத்தாவது வரில புரிஞ்சுப்பாங்க. கல்லுல கார்பன் நெறையவே இருக்கு, வயசு சொல்ற அந்த கார்பன்தான் இல்ல.

இலையப் பத்தி. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது அநேகமா டைலோஃபில்லம், ஸ்ரீபெரும்புதூர் ஷேல்ல அதுதான் அதிகம் கிடைக்கும். பாக்க சைக்காஸ் மாதிரி இருக்கும் ஆனா அது பென்னட்டைட்டேல்ஸ்னு அழிஞ்சே போன வேற ஒரு செடிக் கூட்டம். அந்த இலைய மட்டும் வெச்சு வயசு சொல்றதுல ஒரு சிக்கல், அது ஜுராசிக் காலத்துலயும் இருக்கு, அதுக்கு அடுத்து வந்த கிரெட்டேஷியஸ் காலத்துலயும் இருக்கு, ரொம்ப காலம் வாழ்ந்த செடி. அதனாலதான் பழைய புத்தகத்துல எல்லாம் இந்த அடுக்குகள ஜுராசிக்னே போட்டிருப்பாங்க. (இந்த ஏரியாவ 1860கள்ல சர்வே பண்ணவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ல பல்லாவரத்துல கல் கோடாரி எடுத்தாரே அவரேதான்.)

அப்ப வயச இறுக்கிப் பிடிக்க என்ன வேணும்னா, சீக்கிரம் சீக்கிரம் மாறின உயிர், எல்லா எடத்துக்கும் பரவின உயிர், ஒரு கைப்பிடி கல்லுலயே ஆயிரக்கணக்குல கிடைக்கிற உயிர். மைக்ரோஃபாசில் இந்த மூணுக்கும் பொருந்துது. உங்க கறுப்பு ஷேல்ல கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்களே, எங்களுக்கு அதுதான் வேணும். இலை அச்சு இருக்கிற வெள்ள கல்லு பாக்க அழகா இருக்கும் ஆனா அது வெயில் மழை காத்து பட்டு வெளுத்தது, ஆர்கானிக் பொருள் எல்லாம் ஆக்ஸிடைஸ் ஆகிப் போயிருக்கும், அதுல மகரந்தம் தேடினா பெரும்பாலும் கைய விரிக்க வேண்டியதுதான். கீழ இருந்து வந்த கறுப்பு கல்லுல ஸ்போரும் (பெரணி மாதிரி பூக்காத செடிங்க பரவ விடற தூள்) மகரந்தமும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். அதோட சுவர் ஸ்போரோபொலனின்னு ஒரு பொருள், ஆசிட்ல கூட கரையாது.

எப்படி எடுக்கறோம்னு பசங்களுக்கு சொல்ல ஆசப்பட்டா இதோ. கல்ல நல்லா கழுவி வெளிப்பக்கத்த சுரண்டி எடுத்துடுவோம், அப்புறம் பட்டாணி சைஸுக்கு ஒடைப்போம், மாவா அரைச்சா உள்ள இருக்கற ஸ்போரும் சேந்து ஒடஞ்சிடும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தினா சுண்ணாம்பு பொங்கிப் போயிடும். அடுத்தது ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட், அதுதான் களிமண்ணு குவார்ட்ஸ் எல்லாத்தையும் தின்னும், கண்ணாடியையும் தின்னும், அதனால பிளாஸ்டிக் பீக்கர்லதான் பண்ணணும், ஃப்யூம் ஹூட்குள்ள, கைல தடிச்ச கிளவுஸ், பக்கத்துலயே கால்சியம் குளுகோனேட் ஜெல். ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஊற விட்டு, நல்லா கழுவி, மறுபடி சூடான ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அப்புறம் ஹெவி லிக்விட்ல விட்டா ஆர்கானிக் மட்டும் மேல மிதக்கும், 10 இல்ல 15 மைக்ரான் நைலான் வலைல வடிகட்டி ஸ்லைடு போடுவோம். கடைசில பீக்கர் அடில ஒரு சிட்டிக கறுப்பு சேறுதான் நிக்கும், அத்தன கல்லும் கரைஞ்சு மிஞ்சினது அது மட்டும்தான். ஸ்லைட லென்ஸுக்கு கீழ வெச்சதும் மஞ்சளும் பழுப்புமா வரி வரியா ஸ்போர் வரும் பாருங்க, எவ்வளவு ஸ்லைடு பாத்தாலும் அந்த மொத பார்வ எனக்கு அலுக்கல.

அதுல என்ன தேடுவோம்? சிகாட்ரிகோசிஸ்போரைட்டிஸ்னு ஒரு பெரணி ஸ்போர், மேல இணையா வரப்பு வரப்பா ஓடும், நெறைய எடத்துல இது ஜுராசிக் முடிஞ்சு கிரெட்டேஷியஸ் தொடங்கற சமயத்துலதான் தல காட்டுது, அதாவது சுமார் 14.5 கோடி வருஷம். இது இருந்தா கீழ் எல்லை கெடச்சுது. மேல் எல்லைக்கு பூச்செடியப் பாப்போம். மூணு பள்ளம் வெச்ச பூச்செடி மகரந்தம் சுமார் 12.5 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான் வர ஆரம்பிக்குது, 10 கோடிய நெருங்க நெருங்க அது குவியும். உங்க சாம்பிள்ல பூச்செடி மகரந்தமே இல்லாம, இல்ல ரொம்ப கொஞ்சமா, பெரணியும் ஊசியிலை மரங்களுமா இருந்துதுன்னா முன் கிரெட்டேஷியஸ்னு சொல்லலாம். ஒரே ஒரு மகரந்தத்த வெச்சு யாரும் வயசு சொல்ல மாட்டோம், 200, 300ன்னு எண்ணி மொத்தக் கூட்டத்தையும் பாத்துதான் சொல்வோம்.

இப்ப உங்க சுத்தி சுத்தி வர கேள்வி. அது சுத்தல டீச்சர், ரெண்டு தனித்தனி வேல. மொதல்ல வரிசை: எந்த அடுக்கு கீழ, எந்த அடுக்கு மேல, எது எதுக்கு அப்புறம் வருதுன்னு பல நாட்டுல பாத்து பாத்து அடுக்கினது, அதுக்கு ஒரு வருஷ எண் கூட தேவைப்படல, ரேடியோ ஆக்டிவிட்டி கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அந்த வரிசை பெரும்பாலும் ரெடி. அப்புறம் எண்: அதே அடுக்குகளுக்கு நடுவுல எரிமலைச் சாம்பலோ லாவாவோ கிடைக்கிற எடத்துல யுரேனியம் ஈயம், ஆர்கான் முறைல வயசு பாத்து வரிசை மேல எண்ண ஒட்டறது. நம்ம ஊருக்கே உதாரணம் இருக்கு. ஜார்க்கண்ட்ல ராஜ்மகால் மலைல லாவா ஓட்டங்களுக்கு இடையில இதே டைலோஃபில்லம் கூட்டம் இருக்கு, அந்த லாவாவுக்கு ஆர்கான் முறைல கிட்டத்தட்ட 11.7 கோடி வருஷம். நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல லாவா இல்ல, ஆனா ஸ்போரும் இலையும் அந்தக் காலத்து ஆளுங்கதான். 12 கோடின்னு நீங்க படிச்சதுக்குப் பின்னாடி இருக்கறது இதுதான், அத ஒரு ரவுண்டு நம்பரா எடுத்துக்கோங்க.


மட்_லாகர்

மேல இருக்கற பதில் அருமை. நான் வேளச்சேரி, காவிரி பேசின்ல எண்ணெய்க் கெணறு தோண்டற ரிக்ல ரொம்ப வருஷம் வேல பாத்தவன், அதனால இதுல ஒண்ணு சேக்கணும், ஏன்னா ஆய்வகத்துல ஸ்லைடு எவ்வளவு சுத்தமா போட்டாலும் சாம்பிள் எங்க இருந்து வந்துதுன்றதுல கோட்ட விட்டா எல்லாம் போச்சு.

ரிக்ல நமக்கு முழுக் கல்லு கிடைக்காது, பிட் (துளை போடற முனை) அரைச்ச துகள் மட்டோட (கெணத்துக்குள்ள ஓட விடற சேத்துத் திரவம்) சேந்து மேல வரும், அத கட்டிங்ஸ்னு சொல்வோம். 2000 மீட்டர்ல பிட் ஓடிட்டு இருக்கும், ஆனா மேல 1200 மீட்டர்ல கெணத்து சுவர் சரிஞ்சு அந்தத் துகளும் இதுல கலந்து வரும், கேவிங்னு பேரு. அப்ப ஒரு ஃபோராம் (கூடு கட்டி வாழற ஒரு செல் கடல் உயிர்) எப்ப மொதல்ல பொறந்துதுன்றத கட்டிங்ஸ வெச்சு நம்ப முடியாது, ஏன்னா மேல இருந்து விழுந்தது கீழ வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். அதனால நாங்க தலைகீழா பாப்போம், மேல இருந்து கீழ போகும்போது ஒரு உயிர் மொத தடவ எங்க தட்டுப்படுது, அதுதான் அது பூமில கடைசியா வாழ்ந்த காலம், அந்த அழிவ வெச்சுதான் கோடு போடுவோம். குளோபோட்ரங்கானா ஃபோராம் தட்டுப்பட்ட அன்னிக்கு ரிக்ல ஒரு பரபரப்பு இருக்கும், ஏன்னா அந்தக் கூட்டம் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசரோடயே முடிஞ்சு போச்சு, அது வந்துட்டா நாம கிரெட்டேஷியஸ்குள்ள காலடி வெச்சாச்சு. 

இன்னொரு விஷயம் வெளில யாரும் அவ்வளவா பேசறதில்ல. டிரில்லிங் மட்டுலயே லிக்னைட் தூள் கலக்கறது உண்டு, மட்டு கெட்டியாகாம இருக்கறதுக்கு. லிக்னைட்னா அது முழுக்க மகரந்தம். அத கழுவாம ஸ்லைடு போட்டா 10 கோடி வருஷப் பாறைல 3 கோடி வருஷத்து மகரந்தம் கூட்டமா நிக்கும். அதனால அன்னன்னிக்கு மட்டுல என்னென்ன போட்டாங்கன்னு எழுதி சாம்பிள் பை கூடவே அனுப்பணும், இது சின்ன வேலையா தெரியும், ஆனா அந்தச் சீட்டு இல்லாத சாம்பிளுக்கு நான் மதிப்பே குடுக்க மாட்டேன்.

டீச்சர் கெணத்துல ஆள் எறங்கி வெட்டினதால கல்லு முழுசா கைல இருக்கு, எந்த ஆழம்னும் தெரியும். பெரிய அதிர்ஷ்டம் அது.


ஆவடி_ரமேஷ்

எங்க வீட்லயும் போர் போட்டப்ப கறுப்பா தூள் வந்துது, ஒரு டப்பால வெச்சிருக்கேன். ரொம்ப கறுப்பு, அப்ப ரொம்ப பழசுன்னு அர்த்தமா?


கிண்டி_ஸ்லைடு

ரமேஷ் அண்ணே, கறுப்புக்கும் வயசுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல, இது நெறைய பேருக்கு இருக்கற குழப்பம். மண்ணுக்குள்ள பொதைஞ்சு சூடு ஏற ஏற ஸ்போரோட கலர் வெளிர் மஞ்சள்ல இருந்து ஆரஞ்சு, பழுப்பு, கடைசில கறுப்புன்னு மாறும். அது எவ்வளவு சூடு பட்டுதுன்னு சொல்லும், எத்தன வருஷம்னு சொல்லாது. ரஷ்யால மாஸ்கோ பக்கத்துல இருக்கற நிலக்கரி கார்பானிஃபெரஸ் காலம், 30 கோடி வருஷத்துக்கும் மேல, இன்னிக்கும் பழுப்பு நிலக்கரியாவே இருக்கு, ஆழமா பொதையவே இல்ல. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்துல கேம்ப்ரியன் களிமண்ணு இன்னமும் மெத்து மெத்துன்னு இருக்கு, 50 கோடி வருஷம் தாண்டினது, உள்ள இருக்கற அக்ரிடார்க் (ஆர்கானிக் சுவர் வெச்ச ஒரு வகை நுண்ணிய ஃபாசில்) எல்லாம் வெளிர் மஞ்சளா பளிச்சுன்னு இருக்கும்.

ஆனா அந்தக் கலர் வேற ஒரு விதத்துல ரொம்ப உதவும். ஒரே ஸ்லைடுல முக்காவாசி மஞ்சளா இருந்து நடுவுல நாலஞ்சு மட்டும் கரும்பழுப்பா இருந்தா அதுங்க வேற எங்கயோ சூடு பட்டுட்டு வந்த ஆளுங்கன்னு சந்தேகப்படணும். நம்ம கிழக்குக் கரை பேசின்கள்ல கிரெட்டேஷியஸ் பாறைக்குள்ள பெர்மியன் மகரந்தம் வரும், ரெண்டு பக்கமும் காத்துப் பை வெச்சு உடம்புல கோடு கோடா இருக்கும், பாத்ததுமே தெரியும். பெர்மியன் பாறை 25 கோடி வருஷத்துக்கும் மேல பழசு, கிரெட்டேஷியஸ் காலத்துல அது மேல எழும்பி அரிச்சு ஆத்துல அடிச்சுட்டு வந்து புது சேத்துல படிஞ்சிருக்கு. சுவர் அவ்வளவு கெட்டிங்கறதால ரெண்டாவது தடவ பொதைஞ்சும் அழியல. காரைக்குடில இடிச்ச வீட்டுக் கதவ வாங்கிட்டு வந்து ஈசிஆர்ல புது வீட்டுக்கு மாட்டறாங்க இல்ல, கதவுக்கு 100 வயசுங்கறதால வீட்டுக்கு 100 வயசு ஆயிடாது, அந்த மாதிரிதான். அதனால ஸ்லைடுல ரொம்ப பழசும் புதுசும் கலந்து இருந்தா, புதுசுதான் பாறையோட வயசுக்கு கிட்ட இருக்கும். அந்தப் புதுசு பின்னாடி உள்ள நுழைஞ்சதா இல்லாம இருக்கணும், அதையும் நிரூபிக்கணும். என் வேலைல பாதி நேரம் இதுலதான் போகுது, இந்த துகள் இந்த பாறைக்கு சொந்தமான்னு கேக்கறதுல.


மயிலாப்பூர்_சுந்தரம்

நான் ஜியாலஜி வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். தம்பி கடைசியா ஒரு வரி எழுதியிருக்கே, "புதுசு உள்ள நுழைஞ்சதா இல்லாம இருக்கணும்"னு, அதுக்கு இந்தியாவுலயே பெரிய சரித்திரம் இருக்கு, டீச்சரம்மா கிளாஸ்ல சொல்ல ரொம்பப் பொருத்தமா இருக்கும்னு எழுதுறேன்.

சால்ட் ரேஞ்ச், இன்னிக்கு பாகிஸ்தான் பஞ்சாப்ல இருக்கு, கேவ்ரா உப்புச் சுரங்கம் கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க உப்பு அடுக்கு எல்லாத்துக்கும் அடில கெடக்கு, அதுக்கு மேல ட்ரைலோபைட் (அழிஞ்சு போன, ஓடு வெச்ச கடல் பிராணி) இருக்கற கேம்ப்ரியன் அடுக்குகள். அடுக்கு நேரா இருக்குன்னு எடுத்துக்கிட்டா உப்புக்கு 50 கோடி வருஷத்துக்கும் மேல ஆகியிருக்கணும். பீர்பால் சாஹ்னி, நம்ம நாட்டு பாலியோபாட்டனிக்கே தகப்பன் மாதிரி, 1940கள்ல அந்த உப்பையும் கூட இருக்கற டோலமைட்டையும் ஷேலையும் கரைச்சுப் பாத்தா, பூச்செடி மரத்தோட நுண் துண்டுகள் கெடைக்குது! பூச்செடியே இல்லாத காலத்துப் பாறைல எப்படி வரும்? அதனால உப்பு இயோசீன் காலம்தான், சுமார் 5 கோடி வருஷம்தான், பழைய பாறை பெரிய தகடா நகந்து வந்து இதுக்கு மேல ஏறிடுச்சுன்னு அவர் வாதாடினார். மலைல நடந்து மேப் போட்டவங்கள்ல நெறைய பேர் அத ஒத்துக்கல, உப்புக்கும் மேல இருக்கற அடுக்குக்கும் நடுவுல அப்படி ஏறின தடயம் இல்ல, அது பொறந்த எடத்துலயே கெடக்குன்னாங்க. ரெண்டு சிம்போசியம் நடத்தி விவாதிச்சாங்க.

இன்னிக்கு எல்லாரும் ஒத்துக்கறது பழைய வயசுதான், பிரீகேம்ப்ரியன் முடிஞ்சு கேம்ப்ரியன் ஆரம்பிக்கற கட்டம். உப்பு தண்ணி பட்டா கரைஞ்சு திரும்ப உறையும், உறையும்போது பக்கத்துல எது கெடந்தாலும் உள்ள பூட்டிக்கும். சாஹ்னி கவனம் இல்லாத ஆள்னு யாரும் நெனச்சிடக் கூடாது, அந்தக் காலத்துல பாறைக்குள்ள நுண்ணியதா ஆர்கானிக் தடயம் தேடணும்னு நம்ம ஊர்ல கத்துக் குடுத்ததே அவர்தான். லக்னோல இன்ஸ்டிட்யூட்டுக்கு 1949 ஏப்ரல்ல நேரு அடிக்கல் நாட்டினார், ஒரு வாரத்துல சாஹ்னி காலமாயிட்டார், அந்த இன்ஸ்டிட்யூட்டுதான் இன்னிக்கு வரைக்கும் இந்த துறைக்கு நம்ம நாட்டுல ஆணிவேர். அவ்வளவு பெரிய விஞ்ஞானிய ஒரு மரத்துண்டு வேற திசைல இழுத்துட்டுப் போக முடியும்னா, மைக்ரோஃபாசில எவ்வளவு குறுக்கு விசாரணை பண்ணணும்னு பசங்களுக்குப் புரியும்.


அடையாறு_ஐசோடோப்

சுந்தரம் சார் சொன்னதுக்கு ஜோடியா நேர் எதிரா ஒண்ணு நடந்துது, மத்திய இந்தியாவுல இருக்கற விந்தியன் பாறைல. 1998ல அஸ்மின்னு ஒரு விஞ்ஞானி, ரோதாஸ் சுண்ணாம்புக் கல்லுல குட்டி ஓடு மாதிரி ஃபாசில் இருக்கு, இது கேம்ப்ரியன் தொடக்கத்து ஆளு, அதனால பாறை சுமார் 54 கோடி வருஷம்தான்னு எழுதினார். அதே வருஷம் வேற ஒரு குழு அதே விந்தியன்ல சோர்ஹத் மணல்கல்லுல புழு ஊர்ந்த தடம் இருக்கு, பாறைக்கு 100 கோடிக்கும் மேல வயசு, அப்ப விலங்குகளே அவ்வளவு பழசுன்னாங்க. ரெண்டும் சேந்து சரியா இருக்க முடியாது, பெரிய சண்ட. 2002ல நடுவுல இருந்த எரிமலைச் சாம்பல் அடுக்குல சிர்கான்னு ஒரு கனிமத்த எடுத்து யுரேனியம் ஈயம் பாத்தாங்க, 163 கோடி வருஷம்னு வந்துது, ரெண்டு தரப்பும் எதிர்பாக்காத அளவுக்கு பழசு. 2009ல சித்ரகூட் பக்கம் திரும்பப் போய் அஸ்மி எடுத்த மாதிரி ஃபாசில எடுத்து எக்ஸ்ரே டோமோகிராஃபி பண்ணிப் பாத்தாங்க. ஃபாசில் நிஜம், ஆனா பாஸ்ஃபேட் பாறையோட வயசு 160 கோடி ரேஞ்சு. அதாவது அவர் பாத்தது உண்மையான பொருள், அது கேம்ப்ரியன் ஆள்னு அடையாளம் சொன்னதுதான் பொருந்தல. சாஹ்னி விஷயத்துல பொருள் வெளி ஆளு, இங்க பொருள் உள்ளூர் ஆளு, அடையாளம் மாறிப் போச்சு.

டீச்சரோட மொத கேள்விக்கு நான் வேற ஒரு பதில் சொல்லணும், ஆர்கானிக் பொருள வெச்சு நேரா வயசு பாக்க முடியாதான்னு கேட்டீங்களே, முடியும்! கார்பன் வேண்டாம், ரீனியம் ஆஸ்மியம்னு ரெண்டு உலோகம் போதும். கறுப்பு ஷேல் ஆக்ஸிஜன் இல்லாத கடலடில படியும்போது கடல் தண்ணில இருக்கற ரீனியமும் ஆஸ்மியமும் ஆர்கானிக் பொருளோட ஒட்டிக்கும். ரீனியம் 187 சிதைஞ்சு ஆஸ்மியம் 187 ஆகும், அரை ஆயுள் சுமார் 4160 கோடி வருஷம், பூமியோட வயச விட ஒன்பது மடங்கு. ஒரே அடுக்குல இருந்து பல துண்டு எடுத்து கிராஃப்ல போட்டா நேர்கோடு வரும், அந்தக் கோட்டோட சரிவுதான் வயசு. 1989ல பாக்கன் ஷேல்ல இத பண்ணிக் காட்டினாங்க. ஃபாசில் எதுவும் உருப்படியா இல்லாத பழம்பாறைக்கு இது பெரிய வரப்பிரசாதம், எனக்கு ரொம்பப் பிடிச்ச முறையும் கூட. என்ன, செலவு ஜாஸ்தி, ரொம்ப சுத்தமான லேப் வேணும், அதோட ஆத்து மண்ணு நெறைய கலந்த ஷேல்ல கோடு நேரா விழாது. உங்க ஸ்ரீபெரும்புதூர் ஷேல்ல நெலத்துச் செடி இவ்வளவு இருக்கறதப் பாத்தா ஆத்து மண்ணு நெறைய வந்திருக்கும், அங்க ஸ்போர்தான் சுலபமான வழி.

அதோட பயோமார்க்கர்னு ஒண்ணு, உயிர் அழிஞ்ச பிறகும் மிஞ்சற மாலிக்யூல். ஓலியனேன் இருந்தா பூச்செடி பங்கு இருக்கு, அது கிரெட்டேஷியஸ் கடைசில இருந்துதான் தாராளமா வருது. டைனோஸ்டிரேன் இருந்தா டைனோஃப்ளாஜெல்லேட்னு ஒரு செல் மிதவை உயிர், ட்ரையாசிக்ல இருந்து அதிகம். பாறையே கைல இல்லாம வெறும் எண்ணெய் மட்டும் இருந்தா கூட அது எந்தக் காலத்துப் பாறைல ஊறினதுன்னு உத்தேசமா சொல்லலாம். ஆனா இங்கயும் அதே விசாரணைதான். 1999ல ஆஸ்திரேலியா பில்பராவுல 270 கோடி வருஷ ஷேல்ல சிக்கலான செல் உயிர்களோட ஸ்டிரேன்னு ஒரு பயோமார்க்கர் கெடச்சுதுன்னு உலகமே பேசிச்சு. 2015ல எண்ணெய் எதுவும் படாம அதுக்குன்னே பாத்துப் பாத்து டிரில் பண்ணி எடுத்த சாம்பிள்ல அது இல்லவே இல்ல. வெளில இருந்து ஒட்டினதுதான்.


போரூர்_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சுந்தரம் சார், சால்ட் ரேஞ்ச் கதைய அப்படியே கிளாஸ்ல சொல்லப் போறேன், அந்தப் பொண்ணுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ரீனியம் கிராஃப நான் பிளஸ் டூ பசங்களுக்கு வெச்சுக்கறேன்.

இப்ப என் கைல இருக்கற கறுப்பு கல்ல என்ன பண்ணட்டும்? ஒரு வாளில போட்டு மாடில வெச்சிருக்கேன். ஸ்கூல் லேப்ல நாங்களே ஏதாவது பண்ண முடியுமா?


கிண்டி_ஸ்லைடு

டீச்சர், மொத காரியமா மாடில இருந்து எறக்கிடுங்க. வெயில் மழை பட்டா அதுவும் வெளுக்க ஆரம்பிச்சிடும், காத்துல வர இன்னிக்கு மகரந்தமும் ஒட்டும், நம்ம ஊர்ல சவுக்கு மகரந்தம் எல்லா எடத்துலயும் பறக்கும். கை முஷ்டி அளவு துண்டா நாலஞ்சு எடுத்து புது ஜிப் கவர்ல போட்டு, எந்த ஆழம், எந்தப் பக்கம் மேல இருந்துது, எந்தத் தேதின்னு பர்மனன்ட் மார்க்கர்ல எழுதுங்க. பழைய பேப்பர்ல சுத்தாதீங்க. அப்புறம் கிண்டில மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஜியாலஜி டிபார்ட்மென்ட்லயோ பிரசிடென்சிலயோ ஸ்கூல்ல இருந்து ஒரு லெட்டர் எழுதிக் கேளுங்க. இலை அச்சுக் கல்ல தனியா பஞ்சு வெச்சு பேக் பண்ணுங்க, அதுக்கு வார்னிஷ் எதுவும் அடிக்க வேண்டாம்.

ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் ஸ்கூல்ல வேண்டவே வேண்டாம், கெமிஸ்ட்ரி தெரிஞ்சாலும் வேண்டாம். கொஞ்சம் தோல்ல பட்டாலே உள்ள எறங்கி கால்சியத்த இழுத்துடும், பட்ட உடனே வலிக்காம கூட இருக்கலாம், அதுதான் ஆபத்து.

பசங்க கையால பண்ணணும்னா ஃபோராம் எடுக்கறது வேற வழி, அதுக்கு ஆசிட்டே வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் ஷேல்லயும் மணல் துகள ஒட்டி கூடு கட்டுற வகை ஃபோராம் இருக்குன்னு பதிவு இருக்கு, ஆனா மொத தடவையே கெடைக்கறது கஷ்டம். பெரம்பலூர் பக்கம் காரை களிமண்ணு யாராவது கொண்டு வந்து குடுத்தா அதுல கண்டிப்பா சந்தோஷப்படுவாங்க. களிமண்ண நல்லா காய வெச்சு, மண்ணெண்ணெய்ல முழுக ஊற விட்டு, எண்ணெய வடிச்சுட்டு தண்ணி ஊத்தினா அதுவா பொலபொலன்னு உதிரும், மண்ணெண்ணெய் வேலைய மட்டும் நெருப்பு இல்லாத எடத்துல நீங்களே பண்ணுங்க, பசங்க அப்புறம் கழுவட்டும். 63 மைக்ரான் சல்லடைல கழுவி காய வெச்சு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்ல பாத்தா போதும், சல்லடை பாரிஸ் கார்னர் லேப் கடைகள்ல விசாரிச்சுப் பாருங்க.

ஒவ்வொரு சாம்பிள் கழுவி முடிச்சதும் அந்த சல்லடைய மெத்திலீன் ப்ளூ கரைசல்ல ஒரு நிமிஷம் முக்கி அலசி வைங்க. சல்லடை ஓட்டைல மாட்டிக்கிட்டு நிக்கற பழைய ஃபோராம் எல்லாம் நீலமாயிடும். அடுத்த சாம்பிள்ல நீலமா எது வந்தாலும் அது முந்தின கல்லோடது, எண்ணக் கூடாதுன்னு பசங்ககிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.